ஏலமலைச் சரிவுகளில் நாய்க்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை: தேர்வு குறித்த ஓர் ஆய்வு

பறவை நாய்களுக்கென்று விற்கப்படும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையில் இரண்டு கருவிகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, நாய் இருக்கும் இடத்தைக் காட்டுவது. மற்றொன்று, தொலைவில் ஓடும் நாய்க்கு ஒலி, அதிர்வு, மின்துடிப்பு ஆகியவற்றால் கட்டளை தருவது. மேலைநாடுகளில் பாயிண்டர், செட்டர் இன நாய்களோடு கௌதாரி, காடை வேட்டைக்குப் போவோருக்காக இவை உருவாயின. இந்த நாய்கள் மோப்பம் பிடித்த பறவையைத் துரத்துவதில்லை. அதை நோக்கி அசையாமல் நின்றுவிடும். புதருக்குள் சத்தமில்லாமல் நிற்கும் நாயைக் கண்டுபிடிப்பதே வேட்டைக்காரரின் தொல்லை. முதலில் கழுத்தில் மணி கட்டினார்கள். நாய் நின்றால் மணியும் ஓய்ந்துவிடுவதால், நிற்கும்போது பீப் ஒலி எழுப்பும் கருவி வந்தது. 1960களில் காட்டுவிலங்கு ஆய்வில் புழக்கத்துக்கு வந்த ரேடியோ அலைபரப்பி பிறகு வேட்டை நாய்களின் கழுத்துக்கும் ஏறியது.

ஜிபிஎஸ் இந்த வேலைக்குப் பயன்படும் நிலை 2000 மே 2 அன்று ஏற்பட்டது. பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அன்றுதான் நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் வரை பிசகிய கணக்கு அதன்பின் சில மீட்டராகக் குறைந்தது. கார்மின் நிறுவனம் ஆஸ்ட்ரோ என்ற பெயரில் நாய்க்கான ஜிபிஎஸ் பட்டையை விற்றது. மின்துடிப்புப் பயிற்சிப் பட்டைகளைச் செய்துவந்த டிரை-டிரானிக்ஸ் நிறுவனத்தை 2011இல் அது வாங்கியபின், இரண்டு வேலையையும் ஒரே பட்டையில் சேர்த்த ஆல்பா வரிசை வெளிவந்தது.

போடிநாயக்கனூருக்கு (சுருக்கமாகப் போடிக்கு) மேற்கே ஏறும் ஏலமலைச் சரிவில் இதே கருவியை வாங்க எண்ணுவோரின் தேவை வேறு. அங்கே பறவை வேட்டைக்கு இடமில்லை. ஏலத்தோட்டங்களைக் காக்கும் நாய்களும், வளர்ப்போர் மேலே கூட்டிச்செல்லும் கோம்பை, சிப்பிப்பாறை நாய்களும்தான் இருக்கின்றன. ஆகவே வேட்டைக்காரருக்காக எழுதப்பட்ட தரப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சட்டம், நிலம், நாய் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே கருவிக்கு வரவேண்டும்.

வேட்டையும் சட்டமும்

ஏலமலையில் வேட்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. மூணாறு மலைப்பகுதியின் தேயிலைத் தோட்டத் துரைமார் ஹைரேஞ்ச் கேம் பிரிசர்வேஷன் அசோசியேஷன் என்ற சங்கத்தை அமைத்தனர். யார் எதைச் சுடலாம் என்ற கட்டுப்பாட்டைச் சங்கமே பார்த்துக்கொண்டது. அவர்களுடைய வேட்டைக்களமாக இருந்த இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவையும் மூடியது. வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் விரிவானது. கொல்வதோடு, பிடிப்பது, நாய் விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி வரவழைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாம் அதற்குள் அடங்கும். எனவே காட்டுக்கோழியையோ முயலையோ நாயைவிட்டுக் கிளப்பினாலே குற்றம், துப்பாக்கி வேண்டியதில்லை. நாய் போன தடத்தை நேரத்தோடு பதிந்து வைக்கும் பட்டை, அத்தகைய செயலில் ஈடுபட்டவருக்கு எதிரான சான்றாகவும் ஆகலாம்.

பறவை நாயின் திறமை வேட்டைக்கு மட்டுமே உரியதன்று. நியூசிலாந்தில் 1890களில் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் வாய்ப்பூட்டு இட்ட நாயைக் கொண்டு காகாப்போ கிளிகளைத் தேடிப்பிடித்து, அவற்றைக் காப்பதற்காகத் தீவுக்கு மாற்றினார். அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை இன்றும் கிவி முதலிய பறவைகளைக் கணக்கெடுக்க நாய்களைப் பழக்குகிறது. இந்தியாவில், வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2008இல் தொடங்கிய திட்டம், கடத்தப்படும் வனவிலங்குப் பொருள்களை மோப்பம் பிடிக்கும் நாய்களை வனத்துறைகளுக்குத் தந்துவருகிறது. காட்டுக்குள் நாயைக் கொண்டுசெல்லச் சட்டப்படியான காரணம் உள்ள இடம் இத்தகைய பணிதான்.

மலையில் இருக்கும் நாய்கள்

உத்தமபாளையம் வட்டத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கிய கோம்பை நாய் காவலுக்குப் பெயர்பெற்றது. தெற்கே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் உண்டு. ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் தபால்தலை வெளியிட்டது. இவற்றில் எதுவும் பாயிண்டரைப் போல் பறவையைச் சுட்டி நிற்கும் இனம் அன்று. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்ட இரையை ஓடிப்பிடிக்கும் நாய்கள். ஏலத்தோட்டங்களில் பெரும்பான்மை, எந்த இனமென்று சொல்ல முடியாத நாட்டு நாய்கள்.

இந்த நாய்கள் தொலைந்துபோகும் விதங்கள் சில. இரவில் காட்டுப்பன்றியைத் துரத்தி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகின்றன. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டிக்கொள்கின்றன. சிறுத்தை தூக்கிச்செல்கிறது. சில நாய்கள் எல்லை தாண்டிக் காட்டுக்குள் நுழைகின்றன. பூப்பாறையை ஒட்டிய மதிகெட்டான் சோலை 2003இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே நாய் புகுந்தால் மிளாவுக்கும் கேளையாட்டுக்கும் துன்பம். வெறிநோயும் டிஸ்டெம்பர் நோயும் செந்நாய்க் கூட்டத்துக்குப் பரவவும் வழியாகும்.

கண்ணால் பார்த்து ஓடும் நாய் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு நிமிடத்தில் அரை கி.மீ. கடந்துவிடும். வேட்டைப் பட்டைகள் 2.5 விநாடிக்கு ஒருமுறை இடத்தைப் புதுப்பிக்கின்றன. அதற்குள் அந்த நாய் 21 மீட்டர் போயிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி தரும் பட்டை இப்படி ஓடும் நாயைத் தொடர உதவாது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைச் சுற்றியே கிடக்கும் காவல் நாய்க்கு அதுவே போதும்.

வானிலிருந்து பட்டைக்கு

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சிக்னல் கிடைத்தால்தான் உயரத்தோடு கூடிய இடம் கணக்காகும். அந்த நான்கும் வானில் பரந்து இருந்தால்தான் கணக்கு துல்லியமாகும். திறந்த வானத்தின் கீழ் சாதாரண செல்போனே 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும்.

ஏலமலையில் திறந்த வானம் அரிது. சுமார் 350 மீட்டர் உயரத்திலுள்ள போடியிலிருந்து நிலம் 1,400 மீட்டர் வரை எழுந்து போடிமெட்டைத் தொடுகிறது. கொட்டகுடி ஆறும் குரங்கணிப் பக்கத்து ஓடைகளும் அறுத்த பள்ளங்களில் நின்றால் வானத்தின் பாதியை மலை மறைக்கும். மேலே, ஏலச்செடி இரண்டு முதல் நான்கு மீட்டர் வளர்ந்து தட்டை அடர்ந்து நிற்கும். அதற்கு மேல் நிழல் மரங்களின் கூரை. ஜிபிஎஸ் அலையின் நீளம் 19 செ.மீ. நனைந்த இலை அதை உறிஞ்சும். பாறைமுகம் அதைத் திருப்பியடித்து, கணக்கைப் பல மீட்டர் தள்ளிவைக்கும்.

இதற்குச் செய்யக்கூடியது, பல நாட்டுக் கோள்களையும் படிக்கும் பட்டையை எடுப்பது. குளோனாஸ், கலிலியோ, பெய்டோ ஆகியவையும் சேர்ந்தால் மொத்தக் கோள்கள் நூறைத் தாண்டும். குறுகிய பள்ளத்தில்கூடச் சில எப்போதும் தலைக்கு மேல் இருக்கும். இந்தியாவின் நாவிக் கோள்கள் இந்நாட்டு வானத்திலேயே நிலைகொண்டவை. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 முதல், மற்ற அமைப்புகள் பயன்படுத்தும் எல்1 அலைவரிசையிலும் அவை ஒலிபரப்புகின்றன. ஆனால் பழைய நாவிக் கோள்கள் சிலவற்றில் அணுக்கடிகாரங்கள் பழுதானதால், நாவிக்கை மட்டுமே நம்பிப் பட்டை வாங்க முடியாது.

இன்றைய நல்ல பட்டைகளில் பெரும்பாலானவை பல அமைப்புகளையும் படிக்கும். ஆகவே கடைப்பெட்டியில் பெரிதாக அச்சிடும் ஜிபிஎஸ் துல்லியம் தேர்வைத் தீர்மானிப்பதில்லை. பட்டை அறிந்த இடம் ஆளின் கைக்கு எப்படி வந்துசேர்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

பட்டையிலிருந்து கைக்கு

நேரடி ரேடியோ முதல் வழி. கார்மின் ஆல்பா போன்ற பட்டைகள் இதைப் பயன்படுத்துகின்றன. நாயின் கழுத்திலிருந்து கையிலுள்ள ரெசீவருக்கு டவர் இல்லாமலே செய்தி போகும். அமெரிக்க மாதிரிகள் 151 முதல் 154 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. அலைநீளம் ஏறக்குறைய 2 மீட்டர் என்பதால், இலைக்கும் சிறு மேட்டுக்கும் அவ்வளவாக அஞ்சாது. தயாரிப்பாளர் சொல்லும் 14 கி.மீ. எட்டம் தடையற்ற வெளிக்கானது; நடுவில் மலைமுகடு வந்தால் ஒன்றிரண்டு கி.மீ.க்குள்ளும் சிக்னல் அறுந்துவிடும். இதைவிடப் பெரிய தடை சட்டம். அந்த அலைவரிசைகள் அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டவை. இந்தியாவில் அப்படி இல்லை. 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராபி சட்டத்தின் கீழும், அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழும் ரேடியோக் கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்தாலும் இதில் மாற்றமில்லை.

இரண்டாவது வழி, உரிமம் தேவைப்படாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை. லோரா எனப்படும் முறை இதில் இயங்குகிறது. அனுப்பும் செய்தி சிறியது, மின்செலவு மிகக் குறைவு. அலைநீளம் 35 செ.மீ. என்பதால் ஈர இலைகளுக்குள் 2 மீட்டர் அலையைவிடக் கூடுதலாகத் தேயும். ஆனால் தோட்டத்தின் உயர்ந்த மேட்டிலோ ஸ்டோர் கூரையிலோ ஒரு ரெசீவரை நிறுத்திவிட்டால், கண்ணுக்கு எட்டும் சரிவு முழுதும் அதன் ஆளுகைக்குள் வரும். பல நாய்கள் உள்ள பெரிய தோட்டத்துக்கு ஏற்ற வழி இதுவே. கருவிக்கு மத்திய அரசின் கம்பியில்லாத் தொடர்புப் பிரிவு தரும் வகை ஒப்புதல் உண்டா என்று விற்பவரிடம் கேட்கவேண்டும்.

மூன்றாவது வழி, சிம் போட்ட பட்டை. விலை குறைவு, போனிலேயே பார்க்கலாம், தூர எல்லை கிடையாது. டவர் இருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மலையில் அந்த நிபந்தனைதான் தடுக்கிறது. மெட்டிலும் சாலையோரத்திலும் கிடைக்கும் சிக்னல் ஓடைப் பள்ளத்தில் இராது. போடிமெட்டில் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு தொலைத்தொடர்பு வட்டங்களின் எல்லை ஓடுவதால், நாய் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குப் போனாலே வேறு மாநில டவரைப் பிடிக்கும். ரோமிங் இல்லாத சிம் அங்கே ஊமையாகிவிடும். மலிவான பட்டைகள் பல 2ஜியில் மட்டும் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. எனவே 4ஜி ஏற்கும் பட்டையும், அந்தத் தோட்டத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் வருகிறதோ அதன் சிம்மும் சேர்ந்து அமையவேண்டும். இயந்திரங்களுக்கென்றே வழங்கப்படும் 13 இலக்க எண் கொண்ட சிம் சில பட்டைகளோடு வரும். அது எந்த நிறுவனத்தின் டவரைப் பிடிக்கிறது என்பதை வாங்குமுன் அறியவேண்டும். டவர் இல்லாத நேரத்தில் இடங்களைச் சேமித்து, சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பும் வசதி இல்லாத பட்டையை மலைக்கு வாங்குவது வீண்.

நான்காவது, 2021இல் வந்த ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லைகள். இவற்றுக்குள் ஜிபிஎஸ் இல்லை. பக்கத்தில் யாருடைய போனாவது இருந்தால் அதன் வழியாக இடம் தெரியும். போடி ஊருக்குள் தெருவில் தொலைந்த நாய்க்கு இது உதவலாம், ஏலக்காட்டில் உதவாது.

ஐந்தாவது வழி செயற்கைக்கோள் தொடர்பு. டவர் இல்லாத காட்டிலும் இது பேசும். ஆனால் இந்தியாவில் செயற்கைக்கோள் போனும் செய்திக் கருவியும் அரசு அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாதவை. அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். தனியார் நாய்க்கு இது பொருந்தாது.

அரிக்கொம்பன் காட்டிய பாடம்

இந்த மலையில் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒரு யானை. சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றுவந்த அரிக்கொம்பனைக் கேரள வனத்துறை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. அஸ்ஸாமிலிருந்து தருவித்த பட்டை கழுத்தில் மாட்டப்பட்டு, யானை பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அங்கிருந்து மேகமலைப் பக்கம் இறங்கிய யானை மே 27 அன்று கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் விட்டது.

பட்டை இருந்ததால் யானை சென்ற வழி இரு மாநில வனத்துறைக்கும் தெரிந்தது. அடர்ந்த காட்டில் சிக்னல் விட்டு விட்டே வந்தது. அடுத்த செய்தி வரும்வரை யானை எங்கே என்பதைக் களப்பணியாளர்தான் தடம் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. பட்டை கழுத்தில் இருந்தும் யானை ஊருக்குள் வந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். பட்டை இடத்தைச் சொல்லும், விலங்கைத் தடுக்காது. பல கிலோ எடையுள்ள யானைப் பட்டைக்கே மலையும் மரமும் இவ்வளவு தடை என்றால், கால் கிலோ நாய்ப் பட்டையிடம் இடையறாத செய்தியை எதிர்பார்ப்பது தவறு.

பயிற்சிப் பகுதி தேவையா

பயிற்சிப் பட்டையின் மின்துடிப்பு, தோலில் படும் இரண்டு உலோக முனைகள் வழியாகப் பாய்கிறது. இதன் பயன் குறித்து இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 63 நாய்களைக் கொண்டு சோதித்து 2014இல் முடிவு வெளியிட்டனர். அதே தரவை மேலும் ஆராய்ந்த கட்டுரை 2020இல் வந்தது. அழைத்தால் திரும்பிவரப் பழக்குவதில், தீனியும் பாராட்டும் கொடுத்துப் பழக்கியதைவிட மின்துடிப்புப் பட்டை மேலான பலன் தரவில்லை; பட்டை அணிந்த நாய்களிடம் மனநெருக்கடியின் அறிகுறிகள் கூடுதலாகத் தென்பட்டன. வேல்ஸ் 2010இல் இப்பட்டைகளைத் தடைசெய்தது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் விலங்குக்குத் தேவையற்ற வலி தருவதைக் குற்றமாக்குகிறது.

காவல் நாய்க்கு இன்னொரு காரணமும் உண்டு. உலோக முனைகள் ஒரே இடத்தில் அழுந்தினால் தோல் புண்ணாகும் என்பதால், பயிற்சிப் பட்டையை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பகலும் இரவும் பட்டையோடு திரியவேண்டிய தோட்ட நாய்க்கு, மழை ஓயாத மலையில் அது சரிவராது. வலி எங்கிருந்து வந்தது என்று நாய்க்குத் தெரியாது. அருகில் நின்ற கூலியாளையோ மாட்டையோ காரணமாக நினைத்துப் பாயவும் கூடும்.

ஒலியும் அதிர்வும் தரும் பட்டை போதுமானது. பட்டை ஒலித்ததும் கறித்துண்டு கிடைக்கும் என்று குட்டியிலேயே பழக்கிவிட்டால், பன்றியின் பின்னால் கிளம்பிய நாயும் பல வேளைகளில் திரும்பிவிடும். நாய் அசையாமல் நின்றால் எச்சரிக்கும் வசதி வேட்டைப் பட்டைகளில் உண்டு. பறவையைச் சுட்டி நிற்பதை அறிவதற்காக வைத்தது. ஏலமலையில் ஓடிக்கொண்டிருந்த நாய் சட்டென்று ஓரிடத்தில் நின்றுவிட்டால், சுருக்கில் மாட்டியதாகவோ அடிபட்டதாகவோ இருக்கலாம். அந்த எச்சரிக்கை உள்ள பட்டைக்கு இங்கே தனி மதிப்பு உண்டு.

எடை, பேட்டரி, நீர்

காட்டுவிலங்கு ஆய்வில் பட்டையின் எடை உடல் எடையில் 3 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. நாய் நாள்தோறும் ஓடுவதால் 2 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. 20 கிலோ நாய்க்கு அது 400 கிராம். வேட்டைப் பட்டைகள் 250 கிராமை ஒட்டியவை. மெலிந்த கழுத்துடைய சிப்பிப்பாறைக்கு எடையைவிட அகலமே தொல்லை தரும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவேண்டும்.

ஐபி67 தரம் என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்குவது. தென்மேற்குப் பருவம் கொட்டும் மேற்குச் சரிவிலும், வடகிழக்குப் பருவத்தில் வெள்ளம் இறங்கும் போடிப் பக்கத்து ஓடைகளிலும் அதற்குக் குறைந்த தரம் நிலைக்காது. நனைந்த தோல்பட்டை நாறி அரிப்பு தருவதால் பிளாஸ்டிக் பூசிய பட்டை ஏற்றது. இமயமலை மேய்ப்பர்கள் சிறுத்தைக்கு அஞ்சி நாய்க்கு இரும்பு முள்பட்டை கட்டுவார்கள். அப்படி ஒன்று கட்டினால், உலோகம் ஆன்டெனாவை மூடாதபடி ஜிபிஎஸ் பெட்டி மேலே, வானத்தைப் பார்த்து இருக்கவேண்டும்.

இடத்தைப் புதுப்பிக்கும் வேகம் கூடினால் பேட்டரி குறையும். 2.5 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் பட்டை ஒன்றிரண்டு நாளே ஓடும். டவர் கிடைக்காமல் ஓயாது தேடும் சிம் பட்டை அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். நாய் ஸ்டோர் எல்லைக்குள் இருக்கும்வரை மெதுவாகவும், எல்லையைத் தாண்டியதும் வேகமாகவும் அனுப்பும்படி அமைக்கக்கூடிய பட்டையே நல்லது.

தேர்வின் வரிசை

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தேர்வு ஓர் ஒழுங்குக்கு வருகிறது. முதலில் தோட்டத்தில் டவர் சிக்னலைப் பார்க்கவேண்டும்: ஸ்டோர், மேடு, ஓடை, எல்லை வேலி ஆகிய இடங்களில் வெவ்வேறு நிறுவனச் சிம்களோடு நடந்து குறித்துக்கொண்டாலே போதும். பெரும்பகுதியில் சிக்னல் இருந்தால் 4ஜி பட்டை போதுமானது. ஓடைகளில் மட்டும் இல்லையென்றால், சேமித்து அனுப்பும் 4ஜி பட்டை. பெரும்பகுதியில் இல்லையென்றால் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் மேட்டில் ஒரு ரெசீவரும். வனத்துறையின் மோப்ப நாய்க்கு, துறை பெற்ற அலைவரிசை அனுமதிக்குள் நேரடி ரேடியோப் பட்டை சிறந்தது. சமவெளியில் போடி ஊருக்குள் வளரும் நாய்க்கு எளிய சிம் பட்டையே போதும்.

வாங்கியபின், நாய்க்கு மாட்டுமுன் ஆள் ஒருவர் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அடர்ந்த ஏலத்தட்டைக்குள்ளும் பள்ளத்திலும் நடக்க, மற்றவர் போனிலோ ரெசீவரிலோ தொடர்ந்து பார்க்கவேண்டும். எங்கெல்லாம் செய்தி அறுகிறதோ அவை வரைபடத்தில் குறிக்கப்படவேண்டும். பின்னாளில் நாய் மறைந்தால் தேடல் கடைசியாகச் செய்தி வந்த இடத்தில் தொடங்கி, அதை அடுத்துள்ள சிக்னலற்ற பள்ளத்துக்குப் போகும். பட்டையில் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றின் எண்ணும் உரிமையாளரின் போன் எண்ணும் பொறித்த தகடு தொங்கவேண்டும். பேட்டரி தீர்ந்தபின் நாயை வீடு சேர்க்க மிஞ்சுவது அந்தத் தகடு மட்டுமே.